மால்கம் மெக்டொனால்டு: வாய் பெரிசா, ஆட்டம் பெரிசா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எழுபதுகளில் இங்கிலாந்து கால்பந்தின் உச்ச லீக்கான முதல் டிவிஷனில் இரண்டு முறை கோல் பட்டியலில் முதலிடம், தேசிய அணிக்காக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல். ஆனால் மால்கம் மெக்டொனால்டு கையில் ஒரு பெரிய கோப்பைகூட இல்லையே, ஏன்? நிஜமாகவே பெரிய ஸ்ட்ரைக்கரா, இல்லை வாய்தான் பெரிசா?"

வாயும் பெரிசு, ஆட்டமும் பெரிசு. இதில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் கோப்பை ஏன் இல்லை என்பதற்கு இந்த இரண்டுமே பதில் இல்லை என்பது என் கட்சி. மெக்டொனால்டு பந்தை வாங்கி ஆட்டத்தை உருவாக்குகிற ஆள் கிடையாது. பின்வரிசைக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் யாராவது பந்தைப் போட்டுக் கொடுக்க வேண்டும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். போட்டுக் கொடுக்க ஆள் இருந்தபோதெல்லாம் கோல் கொட்டியது. அந்த ஆள் காயம்பட்டாலோ, விற்கப்பட்டாலோ, எதிரணி அந்த ஆளை அடைத்துவிட்டாலோ மெக்டொனால்டும் சேர்ந்தே காணாமல் போனார். அவருடைய கிளப் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இது திரும்பத் திரும்ப வரும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஊதிப் பெருக்கப்பட்டவர்" என்று சொல்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. ஃபுல்ஹாமில் 13 லீக் ஆட்டம் 5 கோல், லூட்டனில் 88 ஆட்டம் 49, நியூகாசிலில் 187 ஆட்டம் 95, ஆர்சனலில் 84 ஆட்டம் 42. கூட்டினால் 372 லீக் ஆட்டங்களில் 191 கோல், அதாவது இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் சற்று மேல். சேறும் சகதியுமான மைதானங்கள், பின்னாலிருந்து காலை வெட்டினாலும் ரெஃப்ரி விரலை ஆட்டிக் கண்டித்துவிட்டுப் போகிற காலம். இதில் பெரும்பகுதி கோல்கள் பட்டியலின் நடுவிலோ அதற்குக் கீழேயோ கிடந்த அணிகளுக்காக அடித்தவை. 29 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 1950 ஜனவரியில், லண்டன் ஃபுல்ஹாமில். வேடிக்கை என்னவென்றால் ஆள் தொடக்கத்தில் ஃபுல் பேக். டன்பிரிட்ஜ் என்ற லீக்குக்கு வெளியே இருந்த சின்ன கிளப்பில், ஹாரி ஹாஸ்லம் மேனேஜராக இருந்தபோது, பின்வரிசையில்தான் ஆடிக்கொண்டிருந்தார். 1968-இல் ஃபுல்ஹாம் அவரை வெறும் 1,000 பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியவர் பாபி ராப்சன். ஆமாம், பின்னாளில் இங்கிலாந்து மேனேஜரான அதே ராப்சன். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒரு முக்கியமான மதியத்தில் எதிர்ப்பக்க பெஞ்சில் வந்து உட்காருவார். ராப்சனை அதே வருஷம் நவம்பரில் ஃபுல்ஹாம் நீக்கிவிட்டது. அடுத்து வந்தவர்களுக்கு இந்தப் பையனை என்ன செய்வதென்றே தெரியவில்லை. 1969-இல் 17,500 பவுண்டுக்கு லூட்டனுக்குத் தள்ளிவிட்டார்கள்.

லூட்டனில்தான் அவர் ஸ்ட்ரைக்கர் ஆனார். மேனேஜர் அலெக் ஸ்டாக் அவரை முழுநேர முன்வரிசை ஆட்டக்காரராக நிறுத்தினார், அதோடு முடிந்தது ஃபுல் பேக் கதை. முதல் சீசனிலேயே, 1969-70-இல், லூட்டன் மூன்றாம் டிவிஷனில் இரண்டாமிடம் பிடித்து மேலே ஏறியது. அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனில் 24 லீக் கோல். ஃபுல் பேக்காக இருந்த பழக்கம் அவருக்கு ஒரு வகையில் உதவியது என்று எனக்கு எப்போதும் தோன்றும். டிஃபெண்டர் எந்த நொடியில் தோளைத் திருப்புவான், எப்போது பந்தை மட்டும் பார்த்து ஆளை மறப்பான் என்பது அங்கே நின்று அடிபட்டவனுக்குத்தானே தெரியும்.

1971 மே மாதம் நியூகாசில் 180,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்தக் காலத்துக்கு இது பெரிய தொகை. நியூகாசில் அப்போது இருந்த நிலை அப்படி: 1969-இல் ஐரோப்பாவில் ஃபேர்ஸ் கோப்பையை வென்ற அணி கலைந்துகொண்டிருந்தது. பாப் ராப்சன் வெஸ்ட் ஹாமுக்குப் போய்விட்டார் (மேலே சொன்ன பாபி ராப்சன் வேறு, இவர் வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்), வின் டேவிஸ் மான்செஸ்டர் சிட்டிக்குக் கிளம்பினார். மேனேஜர் ஜோ ஹார்வி 1951, 52 எஃப்.ஏ. கோப்பைகளைக் கேப்டனாகத் தூக்கியவர், ஊரில் அவருக்கு மரியாதை உண்டு, ஆனால் ரசிகர்களுக்கு ஒன்பதாம் எண் சட்டைக்குள் ஒரு ஆள் வேண்டும். நியூகாசிலின் பழைய கோல் நாயகன் ஜாக்கி மில்பர்ன் போட்ட சட்டை அது. அதற்குள் நுழைந்தால் ஒன்று ஊர் உன்னைத் தோளில் வைக்கும், இல்லையென்றால் கீழே போட்டு மிதிக்கும்.

மெக்டொனால்டு வாடகைக்கு எடுத்த ரோல்ஸ் ராய்ஸ் காரில் வந்து இறங்கினார். நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டும் தளமும் நிறைந்த ஊரில், லண்டன்காரன் ஒருவன், கிருதாவும் வளைந்த காலுமாக, ரோல்ஸ் ராய்ஸில். வேறு யாராவது செய்திருந்தால் முதல் வாரமே கல்லடி விழுந்திருக்கும். இவர் தப்பித்ததற்கு ஒரே காரணம் 1971 ஆகஸ்ட் 21. நியூகாசிலின் சொந்த மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் அவருடைய முதல் ஆட்டம், எதிரே மேனேஜர் பில் ஷாங்க்லியின் லிவர்பூல். லிவர்பூல் முதலில் கோல் போட்டது. அப்புறம் ஒரு பெனால்டி, ஒரு இடதுகால் இடி, மூன்றாவதும் விழுந்தது: ஹாட்ரிக். கொஞ்ச நேரத்தில் கோல்கீப்பர் ரே கிளெமென்ஸ் மேல் மோதி நினைவு தப்பி விழுந்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நியூகாசில் 3, லிவர்பூல் 2. அரங்கம் அப்போதே "சூப்பர்மேக்" என்று பாட ஆரம்பித்துவிட்டது, அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, அவர் எப்படி ஆடுவார்? இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் புரியாது.

முதல் விஷயம் வேகம். பல விளையாட்டுக்காரர்கள் மோதிக்கொள்ளும் தொலைக்காட்சியின் சூப்பர்ஸ்டார்ஸ் போட்டியில் 100 மீட்டரை 11 விநாடிக்குள் ஓடினார், அதுவும் ஒரு கால்பந்து ஆட்டக்காரர், தடகளப் பயிற்சி இல்லாமல். அதுகூட முக்கியமில்லை, முதல் ஐந்தாறு தப்படியில் அவர் பிய்த்துக்கொண்டு போவதுதான் விஷயம். உடம்பு கட்டையாக, தொடை தடித்து, கால் வில் மாதிரி வளைந்து இருக்கும். டிஃபெண்டர் சட்டையைப் பிடித்து இழுத்தாலும் இழுப்பவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடுவார். இரண்டாவது அந்த இடது கால். வலது காலை நிற்பதற்கு மட்டும்தான் வைத்திருக்கிறார் என்று கிண்டல் செய்வார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் இடது காலுக்குப் பந்து வந்துவிட்டால் அவர் யோசிக்கவே மாட்டார். நாற்பது கஜத்திலிருந்து அடிப்பார், கோணமே இல்லாத இடத்திலிருந்து அடிப்பார். 1972-இல் செயின்ட் ஜான்ஸ்டனுடன் ஒரு நட்பு ஆட்டத்தில் கிக்-ஆஃப் எடுத்ததும் கோல்கீப்பர் முன்னால் நிற்பதைக் கண்டு நடுக்கோட்டருகிலிருந்தே அடித்து ஐந்து விநாடியில் கோல் போட்டார். மூன்றாவது, ஆறடிகூட இல்லாத ஆள் என்றாலும் தலையால் நன்றாக முட்டுவார். இதை மட்டும் யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

இல்லாதது என்ன? கோலுக்கு முதுகைக் காட்டி நின்று பந்தைப் பிடித்து வைத்து மற்றவர்களைச் சேர்ப்பது. அது அவருக்கு வராது, வந்தாலும் பிடிக்காது. நடுக்களத்துக்கு இறங்கி வந்து பந்தைத் தேடுவதும் கிடையாது. லிவர்பூலின் கெவின் கீகனை எடுத்துக்கொள்ளுங்கள், கோல் வராத நாளிலும் மைதானம் பூராவும் ஓடி ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டே இருப்பார். மெக்டொனால்டுக்குக் கோல் வராத நாளில் அணி பத்து பேருடன் ஆடியதாக அர்த்தம். இந்தக் குறையை நான் மறைக்கவில்லை.

அதனால்தான் டெர்ரி ஹிப்பிட்டைப் பற்றிப் பேச வேண்டும். லீட்ஸிலிருந்து 1971-இல் வந்த ஒல்லியான இடதுகால் ஆட்டக்காரர். லீட்ஸில் ஏகப்பட்ட நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் கிடைக்காதவர். அவருடைய வேலை ஒன்றே ஒன்று: பந்து வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிஃபெண்டர்களின் தலைக்கு மேலே, அவர்களுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே இருக்கும் இடத்தில் போடுவது. மெக்டொனால்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார். முன்னால் துணைக்கு ஜான் டியூடர், அடி வாங்கி இடம் உண்டாக்கிக் கொடுக்கிற நல்ல மனிதர். 1971 அக்டோபரில் பிளாக்பூலிலிருந்து டோனி கிரீன் வந்தார், நியூகாசில்காரர்கள் பல பேர் இன்றைக்கும் தாங்கள் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்கிற ஸ்காட்லாந்துக்காரர். இந்த நான்கு பேரும் சேர்ந்து முழுசாக ஆடியது ஒரு வருஷம்கூட இல்லை. 1972 செப்டம்பரில் கிறிஸ்டல் பேலஸில் கிரீனின் முழங்கால் போனது, அதோடு அவர் ஆட்டமும் முடிந்தது. நியூகாசில் அதற்கப்புறம் அந்த இடத்தை நிரப்பவே இல்லை. மெக்டொனால்டு ஏன் லீக் ஜெயிக்கவில்லை என்று கேட்பவர்கள் முதலில் இந்த முழங்காலைப் பற்றித்தான் கேட்க வேண்டும்.

முதல் சீசன் 23 லீக் கோல். ஆனால் அந்த சீசனை யாரும் கோலுக்காக ஞாபகம் வைத்திருக்கவில்லை, 1972 பிப்ரவரி 5-க்காகத்தான். எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று மறு ஆட்டம், எதிரணி ஹெரஃபர்டு, லீக்கிலேயே இல்லாத சதர்ன் லீக் அணி. மழை காரணமாக ஆட்டம் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் உழுத வயல் மாதிரி ஒரு மைதானத்தில் நடந்தது. 82-ஆவது நிமிஷம் மெக்டொனால்டு தலையால் முட்டி நியூகாசிலை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ரோனி ராட்ஃபோர்டு முப்பது கஜத்திலிருந்து அடித்த பந்து மேல்மூலையில் போய் விழுந்தது, கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரர் ரிக்கி ஜார்ஜ் இன்னொன்று போட்டார். 2-1. அந்த வீடியோ ஒவ்வொரு ஜனவரியிலும் இங்கிலாந்து தொலைக்காட்சியில் ஓடும். அதில் முதல் கோல் யார் போட்டது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரிய நாட்களில் தன் வேலையைச் செய்துவிட்டும் தோற்றவர் என்கிற விதி அன்றைக்கே தொடங்கிவிட்டது.

அடுத்து 1974. அந்தக் கோப்பைப் பயணம் ஒரு தனிக் கூத்து. காலிறுதியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுடன் 1-3 பின்தங்கி, பாட் ஹோவர்டு வெளியேற்றப்பட்டு, நியூகாசில் பத்து பேர். ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள், ஆட்டம் நின்றது. திரும்ப ஆரம்பித்ததும் நியூகாசில் மூன்று கோல் போட்டு 4-3 ஜெயித்தது. கால்பந்து சங்கம் அதை ஒத்துக்கொள்ளவில்லை, பொது மைதானத்தில் திரும்ப ஆடு என்றது. எவர்டனின் குடிசன் பார்க்கில் 0-0, அப்புறம் அங்கேயே மறுபடி ஆடி மெக்டொனால்டு கோலில் 1-0. அரையிறுதி ஹில்ஸ்பரோவில், எதிரே பர்ன்லி, 2-0, இரண்டும் அவர்தான். அதாவது அந்த இறுதி ஆட்டத்துக்கு அணியை இழுத்துக்கொண்டு போனதே அவர் என்று சொன்னால் மிகையில்லை.

அப்புறம் வாய். இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கப் பத்திரிகைகளில் லிவர்பூலை என்ன செய்யப் போகிறோம் என்று பேசிக்கொண்டே இருந்தார். ஷாங்க்லி அதையெல்லாம் தன் பையன்களுக்குக் காட்டினால் போதும், தனியாகப் பேச்சுக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. மே 4, இறுதி ஆட்டங்கள் நடக்கும் லண்டன் வெம்ப்ளி மைதானம்: லிவர்பூல் 3, நியூகாசில் 0. கீகன் இரண்டு, ஸ்டீவ் ஹெய்வே ஒன்று. வெம்ப்ளியில் அதுவரை ஆடிய ஐந்து எஃப்.ஏ. கோப்பை இறுதியிலும் ஜெயித்திருந்த கிளப் நியூகாசில். இருபது வயது ஃபில் தாம்சன் மெக்டொனால்டை நிழல் போல ஒட்டிக்கொண்டார், ஒரு நல்ல வாய்ப்புகூட அமையவில்லை. இதை வைத்து "பெரிய ஆட்டத்தில் ஒளிந்துகொண்டார்" என்பார்கள். திரும்பப் பாருங்கள். அன்றைக்கு நியூகாசில் நடுக்களம் பந்தைத் தொட்டதே குறைவு, ஹிப்பிட்டுக்கு மூச்சு விட இடமில்லை. பந்தே வராத இடத்தில் நின்றுகொண்டிருந்தவர் எதில் ஒளிவது? வாயைக் கொஞ்சம் அடக்கியிருந்தால் பழி இவ்வளவு விழுந்திருக்காது, அது வேறு விஷயம்.

1974-75-இல் 21 கோலுடன் முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்தவர். அணி எந்த இடம்? 15. பதினைந்தாம் இடத்தில் இருந்த அணியிலிருந்து நாட்டின் முதல் கோல்காரர்! அந்த ஏப்ரலில்தான் வெம்ப்ளியில் சைப்ரஸுக்கு எதிராக இங்கிலாந்தின் ஐந்து கோலையும் அவரே போட்டார், 5-0. அதற்கு முந்தைய மாதம் உலகச் சாம்பியன் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகவும் ஒன்று. மேனேஜர் டான் ரெவிக்கு அவர் மேல் பெரிய பிரியம் இல்லை, 14 ஆட்டத்தோடு தேசிய அணிக் கதை முடிந்தது, மொத்தம் ஆறு கோல். ஆறில் ஐந்து ஒரே ராத்திரி என்பதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கேள்வி கிளப் வாழ்க்கையைப் பற்றி என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

1975 கோடையில் ஜோ ஹார்வி விலகினார், பிளாக்பர்னிலிருந்து கார்டன் லீ வந்தார். அவருக்கு நட்சத்திரம் என்ற வார்த்தையே ஒவ்வாமை. அணி என்றால் எல்லோரும் ஒன்று, எல்லோரும் ஓட வேண்டும், எல்லோரும் பின்னால் வர வேண்டும். ஹிப்பிட் பர்மிங்ஹாமுக்கு விற்கப்பட்டார். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து ஆலன் கௌலிங் வந்தார், உயரமான, உழைப்பாளியான முன்வரிசை ஆட்டக்காரர். லீயின் கொள்கையில் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊரே ஒருவன் பெயரைப் பாடும்போது அவனை எல்லாரையும் போலத்தான் என்று சொல்லிக் காட்டியே தீருவேன் என்பது நிர்வாகம் இல்லை, வீம்பு. இதில் வேடிக்கை, லீயின் முதல் வருஷத்திலேயே நியூகாசில் லீக் கோப்பை இறுதிக்குப் போனது, மெக்டொனால்டு 19 லீக் கோலும் அடித்தார். 1976 பிப்ரவரி 28, எதிரே மான்செஸ்டர் சிட்டி. பீட்டர் பார்ன்ஸ் முதலில் போட்டார். வலப்பக்கம் ஓடி மெக்டொனால்டு போட்ட கிராஸில் கௌலிங் சமன் செய்தார். வாய்க்காரன் சுயநலக்காரன் என்ற பெயருக்கு அந்தக் கிராஸ் ஒன்றே பதில். இரண்டாம் பாதி தொடங்கியவுடன் டென்னிஸ் டூயர்ட், நியூகாசிலிலேயே பிறந்து வளர்ந்தவர், தலைக்கு மேல் காலைச் சுழற்றி அடித்த அந்தக் கோல். 2-1. வெம்ப்ளி இரண்டு, தோல்வி இரண்டு.

அந்தக் கோடையிலேயே ஆர்சனலுக்கு விற்றுவிட்டார்கள், 333,333 பவுண்டும் கொஞ்சம் சில்லறையும். ஐந்து வருஷமும் கிளப்பின் முதல் கோல்காரராக இருந்தவர். நியூகாசிலில் அவர் இருந்தபோது 1974, 75 இரண்டு வருஷமும் டெக்சாகோ கோப்பையை ஜெயித்தார்கள் என்று சிலர் நினைவூட்டுவார்கள். அது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிளப்புகளுக்கான சின்னப் போட்டி. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் அதற்காகத் தெருவில் ஆடியதில்லை.

இங்கே எனக்கு எதிரான ஒரு சான்றையும் நானே வைத்துவிடுகிறேன். மெக்டொனால்டு போன அடுத்த சீசன் நியூகாசில் ஐந்தாம் இடம் பிடித்தது. அவர் இருந்த ஐந்து வருஷத்தில் ஒன்பதுக்கு மேல் போனதே இல்லை. அப்படியென்றால் லீ சொன்னது சரியா? அரைவாசி. லீ அந்த சீசன் நடுவிலேயே எவர்டனுக்குப் போய்விட்டார், உள்ளே குழப்பம், அதற்கடுத்த வருஷம் 21-ஆம் இடம், இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கம். எவர்டனில் அதே லீயின் அணியில் பாப் லாட்ச்ஃபோர்டு 1977-78-இல் 30 லீக் கோல் அடித்து நாடு முழுக்கக் கொண்டாடப்பட்டார். நட்சத்திரம் வேண்டாம் என்றவருக்கு கடைசியில் கிடைத்தது நட்சத்திரம்தான்.

ஆர்சனல். டெர்ரி நீல் அப்போதுதான் மேனேஜராக வந்திருந்தார், அணி முந்தைய சீசனில் 17-ஆம் இடம். முதல் ஆட்டமே சொந்த மண்ணில் பிரிஸ்டல் சிட்டியிடம் 0-1, பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அங்கே ஒரு பையன் இருந்தான், லியம் பிரேடி, அந்த இடது கால் ஹிப்பிட்டுடையதைவிட நூறு மடங்கு நுட்பமானது. பக்கத்தில் ஃபிராங்க் ஸ்டேப்பிள்டன், முதுகைக் காட்டி நின்று பந்தைப் பிடிக்கிற, அதாவது மெக்டொனால்டுக்கு வராத வேலையை அழகாகச் செய்கிற இளைஞர். பிறகென்ன? முதல் சீசனில் 25 லீக் கோல், ஆஸ்டன் வில்லாவின் ஆண்டி கிரேயுடன் சேர்ந்து நாட்டின் முதலிடம், எல்லாப் போட்டிகளிலும் 29. டிசம்பர் 4-ஆம் தேதி நியூகாசில் ஆர்சனலின் மைதானமான ஹைபரிக்கு வந்தது, கார்டன் லீ இன்னும் மேனேஜர். ஆர்சனல் 5, நியூகாசில் 3, மெக்டொனால்டு ஹாட்ரிக். அதற்கு மேல் விளக்கம் எதற்கு.

எல்லாம் சுமுகம் என்று நினைக்க வேண்டாம். 1977 கோடையில் ஆஸ்திரேலியப் பயணத்தின்போது ஒழுங்கு மீறினார்கள் என்று மெக்டொனால்டையும் ஆலன் ஹட்சனையும் நீல் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு டான் ஹோவ் பயிற்சியாளராக வந்து அணியை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். 1977-78-இல் ஆர்சனல் ஐந்தாம் இடம், எஃப்.ஏ. கோப்பை இறுதி. அரையிறுதியில் ஓரியன்டை 3-0 என்று முடித்தபோது மெக்டொனால்டு பேரில் எழுதப்பட்ட இரண்டு கோலும் டிஃபெண்டர் மேல் பட்டுத் திரும்பிப் போனவை. அவரோ வெட்கமே படாமல் இரண்டையும் தன்னுடையது என்று வாங்கிக்கொண்டார். ஸ்ட்ரைக்கர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இறுதி ஆட்டம் 1978 மே 6, எதிரே இப்ஸ்விச். இப்ஸ்விச் மேனேஜர்? பாபி ராப்சன். பத்து வருஷத்துக்கு முன்னால் 1,000 பவுண்டு கொடுத்து அவரைத் தொழிலுக்குள் கொண்டுவந்த அதே ஆள். ஆர்சனல் பக்கம் பாதிப் பேர் சரியான உடல்நிலையில் இல்லை, பிரேடி தகுதியே இல்லாமல் இறங்கி இரண்டாம் பாதியில் வெளியேறினார். பந்து போட்டுக் கொடுப்பவன் நொண்டிக்கொண்டிருந்தால் ஓடுபவன் என்ன செய்வான். இப்ஸ்விச் மூன்று முறை கம்பத்தில் அடித்தது, 77-ஆவது நிமிஷம் ரோஜர் ஆஸ்போர்ன் கோல் போட்டார், போட்ட களைப்பிலும் பூரிப்பிலும் அவரால் தொடர்ந்து நிற்கக்கூட முடியாமல் வெளியே போனார். 1-0. மூன்று வெம்ப்ளி, மூன்று தோல்வி, மூன்றிலும் அவர் கோல் இல்லை.

இதன் பின்னால் வந்ததுதான் உண்மையில் கோப்பைக் கணக்கை முடித்தது. 1978 ஆகஸ்டு கடைசியில் லீக் கோப்பையில் ராதர்ஹாம், மூன்றாம் டிவிஷன் அணி. ஆர்சனல் 1-3 தோற்றது, மெக்டொனால்டின் முழங்கால் அங்கேயே போனது. அறுவை சிகிச்சை, ஓய்வு, திரும்ப முயற்சி, திரும்ப வலி. வேகத்தை மட்டுமே முதலாக வைத்து வியாபாரம் செய்தவனுக்கு முழங்கால் போவது என்றால் கடையே போன மாதிரி. அந்த சீசனில் லீக்கில் நான்கே ஆட்டம்.

1979 மே 12. ஆர்சனல் திரும்பவும் வெம்ப்ளி இறுதியில், மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 வென்றது, கடைசி ஐந்து நிமிஷத்தில் மூன்று கோல் விழுந்த அந்தப் பிரசித்தமான ஆட்டம். பிரேடி ஓடினார், ஸ்டேப்பிள்டன் கோல் போட்டார், ஆலன் சண்டர்லாண்ட் கடைசி நொடியில் ஜெயிக்க வைத்தார். மெக்டொனால்டு அணியில் இல்லை. இரண்டு நாள் கழித்து, கோப்பைக் கொண்டாட்டம் அடங்குவதற்குள், மிச்சமிருந்த லீக் ஆட்டம் ஒன்று செல்சியில். அதில் இறங்கினார், ஒரு கோலும் போட்டார், 1-1. ஆர்சனலுக்கு அதுவே அவருடைய கடைசி ஆட்டம். கோடையில் ஸ்வீடனில் ஜூர்கார்டன் கிளப்புக்காகக் கொஞ்ச நாள் ஆடிப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை, ஆகஸ்டில் ஓய்வு அறிவித்தார். பிறகு ஃபுல்ஹாமுக்கே மேனேஜராகத் திரும்பி 1982-இல் அந்த அணியை மேலே ஏற்றியதும், ஹடர்ஸ்ஃபீல்டு மேனேஜராக இருந்தபோது மான்செஸ்டர் சிட்டியிடம் 10-1 வாங்கியதும் தனிக் கதை, வேறொரு நாள் எழுதலாம்.

நான் சொன்னதை நம்ப வேண்டாம், நீங்களே பார்க்கலாம். 1974 பர்ன்லி அரையிறுதி வீடியோ தேடினால் கிடைக்கும். முதல் கோலில் பர்ன்லி டிஃபெண்டர் காலின் வால்ட்ரன் அவரைப் பிடித்துத் தொங்குவதைப் பாருங்கள். இரண்டாவது கோலை மட்டும் இரண்டு முறை போட்டுப் பாருங்கள், முதல் முறை மெக்டொனால்டு ஓட்டத்துக்காக, இரண்டாம் முறை தன் பாதியில் நின்றபடி அந்தப் பந்தை ஒரே தொடுதலில் அனுப்பிவிட்டு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஹிப்பிட்டுக்காக.